எரிந்தபின் எழுப்புவது யார் பொறுப்பு?

ஒரு பழங்கட்டடத்தை மரபுக் கட்டடம் என்று பட்டியலில் எழுதிவிட்டால் அது காக்கப்பட்டுவிட்டது என்று அரசு எண்ணுகிறது. மக்களும் அவ்வாறே எண்ணி வாளா இருக்கின்றனர். பட்டியல் என்பது தாள். தாள் எந்தத் தீயையும் தடுத்ததில்லை. இடிக்க வருபவனின் கையைப் பட்டியல் பிடிக்கும். எரிந்து வீழ்ந்ததை மீண்டும் எழுப்ப ஒரு செங்கல்லும் தராது. அந்தச் செங்கல்லுக்கு யார் விலை கொடுப்பது என்னும் வினாவிற்குத் தமிழ்நாட்டில் இன்றளவும் செவ்வையான விடை இல்லை.

சென்னையில் மட்டும் 467 கட்டடங்கள் மரபுக் கட்டடங்களாகப் பட்டியலிடப்பெற்றன. பதும நாபன் என்னும் முன்னாள் நடுவரின் தலைமையில் அமைந்த குழு அப்பட்டியலைத் தந்தது. விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கில் 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள் சென்னை உயர் வழக்குமன்றம் அளித்த தீர்ப்பு அப்பட்டியலுக்கு வலுவூட்டியது. 2012இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மரபு ஆணையச் சட்டத்தை இயற்றியது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இவற்றுள் எதுவும், எரிந்த கட்டடத்தை எழுப்பும் பொருளுக்கு வழி காட்டவில்லை. கதவைச் செய்து பூட்டை மறந்தவனின் கதையாக இருக்கிறது இது.

பொருளுக்கு வழியில்லாதபோது என்ன நேரும் என்பதற்குச் சென்னை நகரே சான்று. மூர் மார்க்கெட்டு என்று மக்கள் வழங்கிய மூர் அங்காடி 1898இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1900இல் திறக்கப்பெற்றது. செங்கல் நிறத்துச் சுவரும் வளைவு வாயில்களும் நடுவே திறந்த முற்றமுமாக நடுவண் தொடர்வண்டி நிலையத்தின் பக்கத்தே அது நின்றது. பழைய நூல் விற்ற கடைகளால் அது புகழ்பெற்றது. பதிப்பு அற்றுப்போன தமிழ் நூல்களைத் தேடிய புலவரும் மாணவரும் சென்றடைந்த இடம் அது. 1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அது எரிந்தது. கடைக்காரர் அல்லிக்குளத்து வளாகத்திற்குப் பெயர்ந்தனர். அங்காடி நின்ற நிலத்தில் புறநகர்த் தொடர்வண்டிக்கான கட்டடம் எழுந்தது. அங்காடி எழவில்லை. மூர் மார்க்கெட்டு என்னும் பெயர் மட்டும் அப்புதுக் கட்டடத்தின்மேல் ஒட்டிக்கொண்டது. உடல் எரிந்தபின் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது நினைவேந்தலாகலாம், காத்தல் ஆகாது.

அன்று சென்னையில் மரபுப் பட்டியல் இல்லை. இன்று இருக்கிறது. ஆனால் அத்தகைய ஓர் அங்காடி இன்று எரிந்தால் மட்டும் என்ன ஆகும்? உடையவர் கையை விரிப்பார். துறை கோப்பைத் திறக்கும். மழை நனைக்கும், சுவரில் அரசங்கன்று முளைக்கும். ஐந்தாண்டு கழித்து ஒரு பொறியாளர் வந்து, கட்டடம் வலுவிழந்தது, மக்களுக்கு ஏதம் விளைக்கும் என்று எழுதிக் கொடுப்பார். அப்போது பட்டியலும் கை கட்டி நிற்கும். தீ ஓர் இரவில் செய்யாது விட்டதைப் பொருளின்மை ஐந்தாண்டில் செய்து முடிக்கும்.

பொதுக் கட்டடம் ஒன்று எரிந்தால் அதன் உடையவன் சிமிட்டியும் கம்பியும் கொண்டு மலிவாக ஒன்றைக் கட்டிக்கொள்வான். மரபுக் கட்டடத்திற்கு அவ்வுரிமை இல்லை, இருத்தலும் கூடாது. பழைய பொருளால், பழைய முறையால், பழைய அளவால் எழுப்பினால்தான் அது அக்கட்டடம். சுண்ணாம்பை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, கடுக்காய்ச் சாறும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசவேண்டும். தேக்குத் துலாங்களின்மேல் சிறு செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணக்காரையிட்டுச் சமைத்த தட்டைக்கூரையை அவ்வாறே மீட்கவேண்டும். அதற்குரிய மரமும் அரிது. செங்கல் தனியே சுட்டு வாங்கவேண்டும். வேலை தெரிந்த கொத்தரும் தச்சரும் அருகிவிட்டனர். ஆகவே செலவு பன்மடங்காகும். சட்டம் உடையவனைப் பார்த்து, 'நீ விரும்பியவாறு கட்டாதே' என்று சொல்கிறது. அவ்வாறு சொல்லும் சட்டம், விரும்பாத செலவைத் தாங்க அவனுக்கு ஒரு தோளும் காட்டவேண்டாமா? அத்தோள்களுள் ஒன்று தீக்காப்பீடு.

காப்பீடு வணிகர் சூழ்ச்சி என்று இகழ்வோர் உளர். அது பிறந்த இடத்தை நோக்கினால் உண்மை விளங்கும். 1666இல் இலண்டன் மாநகரில் பற்றிய பெருந்தீ பதின்மூவாயிரத்திற்கு மேற்பட்ட வீடுகளைத் தின்றது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அந்நகரில் தீக்காப்பீட்டு நிலையங்கள் தோன்றின. காப்பீடு செய்த வீட்டின் சுவரில் நிலையத்தார் தத்தம் முத்திரையைப் பதித்தனர். தீயணைக்கும் ஆள்களையும் தாமே வைத்திருந்தனர். பலரும் சிறுசிறிதாகத் தந்த பொருள், எரிந்த ஒருவன் வீட்டை எழுப்ப உதவும் என்பதே அதன் உள்ளீடு. ஊரில் ஒருவன் கூரை எரிந்தால் கீற்றும் மூங்கிலும் கொடுத்து அனைவரும் சேர்ந்து வேய்ந்துகொடுக்கும் தமிழ்ச் சிற்றூரின் வழக்கமும் அதுவேயன்றோ? அவ்வழக்கத்தைக் கணக்கில் எழுதினால் காப்பீடாகும்.

ஆனால் கணக்கில் எழுதும்போதுதான் மரபுக் கட்டடத்திற்கு வலை விரிக்கப்படுகிறது. காப்பீட்டு முறியில் கையொப்பம் இடுமுன் உடையவர் அறியவேண்டிய கண்ணிகள் நான்கு.

முதலாவது, மதிப்பு. சந்தை மதிப்பின்மேல் செய்த காப்பீடு கட்டடத்தின் அகவைக்கு ஏற்பத் தேய்மானம் கழிக்கும். நூற்றைம்பது ஆண்டுச் சுவருக்குத் தேய்மானம் கழித்தால் எஞ்சுவது என்ன? ஆண்டு ஏற ஏற மதிப்புக் குறையும் என்பது காப்பீட்டார் கணக்கு. ஆண்டு ஏற ஏற மதிப்புக் கூடும் என்பது மரபின் கணக்கு. இவ்விரண்டும் ஒரே தாளில் சந்திக்கும்போது மரபே தோற்கிறது. ஆகவே மறுகட்டுமான மதிப்பின்மேல், அதுவும் சுண்ணம், தேக்கு, கல் ஆகிய பழைய பொருளால் கட்டும் செலவின்மேல் காப்பீடு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, குறைக்காப்பீட்டு நெறி. கட்டணத்தைச் சுருக்க எண்ணி உடையவர் காப்புத்தொகையைக் குறைத்து எழுதுகிறார். ஒரு கட்டடத்தை மீண்டும் எழுப்ப 4 கோடி உருபா ஆகும் என்று கொள்க. உடையவர் 1 கோடிக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறார். ஒரு பகுதி மட்டும் எரிந்து 80 இலக்கம் உருபா இழப்பு ஏற்படுகிறது. காப்புத்தொகைதான் 1 கோடி ஆயிற்றே, 80 இலக்கமும் கிடைக்கும் என்று அவர் நம்பியிருப்பார். கிடைப்பது 20 இலக்கமே. நாலில் ஒரு பங்குக்கே காப்பீடு செய்ததால், எந்த இழப்பிலும் நாலில் ஒரு பங்கே தரப்படும். மீதி மூன்று பங்குக்கு உடையவரே தமக்குக் காப்பீட்டாளர் என்று கொள்ளப்படுவார். மரபுக் கட்டடத்தின் உண்மைச் செலவை அறியாமல் பொதுக் கட்டட விலையை எழுதும் ஒவ்வொருவரும் இக்குழியில் விழுகின்றனர்.

மூன்றாவது, காலம். மறுகட்டுமான மதிப்பில் இழப்பீடு வேண்டுமாயின் இழப்பு நேர்ந்த 12 திங்களுக்குள் கட்டி முடித்தல் வேண்டும், அல்லது நிறுவனம் எழுத்தால் நீட்டித்த காலத்திற்குள் முடித்தல் வேண்டும் என்பது இந்நாட்டுத் தீக்காப்பீட்டு முறிகளில் வழக்கமாக இருக்கும் கட்டுப்பாடு. தவறினால் சந்தை மதிப்பே கிடைக்கும். பன்னிரண்டு திங்களில் மரபுக் கட்டடம் எழுமா? ஆய்வு செய்யவும் குழுவின் இசைவு பெறவுமே அக்காலம் கரைந்துவிடும். ஆகவே நீண்ட காலத்தை முறியிலேயே முன்கூட்டி எழுதி வாங்குதல் வேண்டும். எரிந்தபின் கேட்பது இரப்பது. எரியுமுன் எழுதுவது உரிமை.

நான்காவது, இடிபாடும் வல்லுநர் ஊதியமும். பொதுமுறிகளில் கட்டடக் கலைஞர், பொறியாளர் முதலியோர்க்கு இழப்பீட்டில் 3 விழுக்காடும், இடிபாடு அகற்ற 1 விழுக்காடும் மட்டுமே அடங்கும். பொதுக் கட்டடத்தின் இடிபாடு குப்பை. வண்டியில் அள்ளிக் கொட்டலாம். மரபுக் கட்டடத்தின் இடிபாடோ சான்று. எந்தக் கல் எந்தத் தூணுக்குரியது, எந்தத் துலாம் எந்த அறைக்குரியது என்று எண்ணிட்டு அடுக்கி வைக்கவேண்டிய செல்வம் அது. அதற்கு 1 விழுக்காடு போதாது. மேலும், பழைய முறையிலேயே கட்டவேண்டும் என்று அரசுக்குழு இடும் ஆணையால் வரும் மிகைச்செலவும் தனிப்பிரிவாக எழுதிச் சேர்த்தாலன்றி முறியில் அடங்காது. இவையனைத்தும் மிகைக் கட்டணம் செலுத்திப் பெறக்கூடியவையே. கேட்பவர் இல்லாமையால் தருபவரும் இல்லை.

இக்கண்ணிகளை ஏன் எவரும் காண்பதில்லை? முறி தமிழில் இல்லை. அதுவே தலையாய ஏது. வீட்டுக்குரிய தீக்காப்பீட்டிற்கு 2021 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து நாடு முழுமைக்கும் ஒரே பொதுமுறி வகுத்தனர். அதற்கிட்ட பெயர் 'பாரத் கிருக ரட்சா'. பெயர் வடமொழி, உள்ளீடு ஆங்கிலம், கையொப்பம் மட்டும் தமிழ். செட்டிநாட்டில் நூறாண்டு கடந்த வீட்டைக் காத்து நிற்கும் முதியவர் தாம் எதற்கு ஒப்பினோம் என்பதை அறியாமலே ஒப்புகிறார். அம்முறியில் நன்மையும் உண்டு. குறைக்காப்பீட்டு நெறி அதில் தளர்த்தப்பட்டுள்ளது. ஆயினும் காப்புத்தொகை தரைப்பரப்பையும் கட்டுமான விலையையும் பெருக்கிக் காணப்படுவதால், அவ்விலையைப் பொதுவீட்டு விலையாக எழுதினால் பருமாத் தேக்குத் தூணும், முட்டைவெண்கரு சேர்த்து மெருகிட்ட சுண்ணச்சுவரும், ஆத்தங்குடித் தரைக்கல்லும் கணக்கிற்குள் வாரா. தன் வீட்டைக் காக்கும் தாளைத் தன் மொழியில் படிக்கும் உரிமை ஒவ்வொரு தமிழனுக்கும் உண்டு. மொழியுரிமை என்பது மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. இழப்பீட்டுத் தாளிலும் அது உயிர்ப்பொருளாகிறது.

செட்டிநாட்டு வீட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வீட்டிற்குப் பங்காளிகள் பலர். ஒருவர் காரைக்குடியில், ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில் என்று சிதறி வாழ்கின்றனர். கட்டணத்தை யார் கட்டுவது என்ற பேச்சிலேயே ஆண்டு கழிகிறது. கூட்டுரிமை வீடுகளுக்குப் பங்காளிகள் அனைவர் பெயரிலும் ஒரே முறியும், இழப்பீட்டுப் பொருளைக் கட்டுமானத்திற்கன்றிப் பங்கிட்டுக் கொள்வதற்குப் பயன்படுத்தலாகாது என்னும் உடன்பாடும் தேவை. இல்லையேல் எரிந்த வீட்டின் இழப்பீடு பங்காளிகள் பைக்குப் போகும். எரியாத தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போகும்.

இவை தனியார் நிலை. அரசின் நிலை என்ன? அரசுக் கட்டடங்களைப் பெரும்பாலும் காப்பீடு செய்வதில்லை. இழப்பை அரசே தாங்கிக்கொள்ளும் என்பது பொதுவழக்கு. இது தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டை 1992 நவம்பர் 20ஆம் நாள் எரிந்தது. நூறு அறைக்கு மேல் கேடுற்றன. அதற்குக் காப்பீடு இல்லை. மக்கள் வரிப்பணத்தில் அரசியின் கோட்டையைக் கட்டுவதா என்று அந்நாட்டார் கொதித்தெழுந்தனர். முடிவில் பக்கிங்காம் அரண்மனையைக் கட்டணம் பெற்று மக்களுக்குத் திறந்துவிட்டுப் பெரும்பகுதிப் பொருளைத் திரட்டினர். ஏறத்தாழ 3 கோடியே 65 இலக்கம் பவுன் செலவில் 1997இல் பணி முடிந்தது.

பாரிசு நகரின் நோத்ரு தாம் பெருங்கோயில் 2019 ஏப்பிரல் 15ஆம் நாள் எரிந்தது. அதுவும் பிரெஞ்சு அரசின் உடைமை. அரசே தனக்குக் காப்பு என்று இருந்த கட்டடம். நூற்றைம்பது நாட்டு மக்கள், ஏறத்தாழ 3 இலக்கத்து 40 ஆயிரம் பேர், 84 கோடி ஐரோவுக்கு மேல் அள்ளிக் கொடுத்தனர். ஈராயிரம் கருவாலி மரங்கள் வெட்டிச் செதுக்கப்பெற்றன. 2024 திசம்பரில் கோயில் மீண்டும் திறக்கப்பெற்றது. சப்பானுக்குத் தெற்கே ஒக்கினாவாத் தீவின் சூரிக் கோட்டை 2019 அக்தோபர் 31ஆம் நாள் எரிந்தது. அதற்குக் காப்பீடு இருந்தது. மேல்வரம்பு 700 கோடி யென். அதனைக் கைமுதலாகக் கொண்டு, அரசின் பொருளும் மக்கள் கொடையும் சேர, மறுகட்டுமானம் தொடங்கியது.

இம்மூன்றிலிருந்தும் கற்கத்தக்கது ஒன்றே. அரசே காப்பு என்று சொல்லும் நாடு, எரிந்த மறுநாள் பணத்தை எடுத்து வைக்கும் வலிமையும் மனமும் உடையதாக இருக்கவேண்டும். உலகப்புகழ் பெற்ற கோயிலுக்கு உலகம் கொடுக்கும். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்ச் சத்திரத்திற்கும், திருநெல்வேலியின் பழைய பள்ளிக் கட்டடத்திற்கும் யார் கொடுப்பார்? புகழ் இல்லாத கட்டடத்திற்குக் காப்பீடு ஒன்றே கொடையாளி.

தமிழ்நாட்டு அரசுக் கட்டடம் எரிந்ததற்கும் சான்று தொலைவில் இல்லை. சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலசு மகால், 2012ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையின்போது எரிந்தது. 1768ஐ ஒட்டி எழுந்த அரண்மனையில் அரசு அலுவலகங்களை வைத்து, மரக்கூரைக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கோப்பை அடுக்கி வைத்திருந்தனர். தீயை அணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிர் நீத்தார். பின்னர்ப் பொதுப்பணித்துறை பழைய முறையிலேயே அதனை மீட்டது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இடம்பெற்றது. மனம் இருந்தால் மீட்கலாம் என்பதற்கு அது நற்சான்று. ஆயினும் மீட்பது ஒவ்வொரு முறையும் ஓர் அமைச்சரின் மனத்தையும் ஓர் ஆண்டின் வரவுசெலவையும் பொறுத்ததாக இருத்தல் ஆகாது.

மதுரை அங்கயற்கண்ணியம்மை கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததை மறந்தவர் இலர். 2018 பிப்பிரவரி 2ஆம் நாள் இரவு, மண்டபத்துக் கடைகளில் பற்றிய தீ கற்றூண்களைப் பிளந்து கூரையைச் சாய்த்தது. கல் எரியாது என்று நினைத்திருந்தவர்க்குக் கல்லும் தீக்கு இரையாகும் என்று அவ்விரவு காட்டியது. கருங்கல்லில் கலந்துள்ள குவார்ட்சு என்னும் வெங்கச்சங்கல் துகள், 573 பாகை வெப்பத்தில் சட்டென விரியும். கல் உள்ளிருந்தே வெடிக்கும். அதன்மேல் தண்ணீர் பாய்ந்தால் பிளவு மிகும். நாயக்கர் காலத்துத் தூணுக்கு ஈடாக நாமக்கல் மாவட்டத்திலிருந்து கல்லை வெட்டிக் கொணர்ந்து செதுக்கவேண்டியதாயிற்று. ஆறாண்டு கடந்து 2024இலும் அப்பணி நடந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு திங்களில் கட்டி முடி என்று சொல்லும் முறி, இம்மண்டபத்தின்முன் எவ்வளவு பொருளற்றது என்பது வெள்ளிடைமலை. கடைவாடகையாகக் கோயில் பெற்றதையும், கடையால் கோயில் இழந்ததையும் அறநிலையத்துறை ஒருமுறை துலையில் இட்டுப் பார்க்கட்டும்.

'காப்பீடு செய்துவிட்டால் காவலில் சோர்வு வராதா?' என்று கேட்பர். நல்ல வினா. முறையாகச் செய்த காப்பீடு சோர்வைத் தருவதில்லை; சோர்வைத் தண்டிக்கிறது. காப்பீட்டார் கட்டடத்தைப் பார்வையிடுவர். பழைய மின்கம்பி மாற்றப்பட்டதா, தீயணைக்கும் கருவி உள்ளதா, தீயணைப்பு வண்டி நுழைய வழி உள்ளதா என்று உசாவுவர். குறை களைந்தால் கட்டணத்தைக் குறைப்பர், களையாவிடில் ஏற்றுவர். அரசு ஆய்வாளரின் அறிவுரைக்குச் செவிசாய்க்காதவரும் கட்டணம் ஏறினால் செவிசாய்ப்பர்.

சிறப்பாகக் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் காலத்தில் கண்விழித்திருத்தல் வேண்டும். நோத்ரு தாம் எரிந்தது திருப்பணிச் சாரம் கட்டியிருந்தபோது. இசுகாத்துலாந்தின் கிளாசுகோ கலைப்பள்ளி 2014இல் எரிந்து, மீட்புப்பணி நடந்துகொண்டிருந்தபோதே 2018இல் மீண்டும் எரிந்தது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் 1997 சூன் 7ஆம் நாள் குடமுழுக்கிற்கென இட்ட வேள்விச்சாலைக் கீற்றுப்பந்தல் பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பற்றவைப்புப் பொறியும், வண்ணநெய்யும், இடைக்கால மின்கம்பியும், கீற்றும் ஒன்றுசேரும் காலம் அது. அக்காலத்தில் காப்பீட்டாரிடம் முன்னறிவித்து, ஒப்பந்தக்காரரும் தனியே காப்பீடு எடுக்கச் செய்தல் வேண்டும். அறிவியாமல் செய்த பணியால் தீ நேர்ந்தால் முறி கைவிடும்.

'ஏழைக் கோயிலும் எளிய குடும்பமும் கட்டணத்திற்கு எங்கே போவர்?' என்பது அடுத்த வினா. இதுவே எடையுள்ள தடை. சட்டம் உடையவன் கையைக் கட்டுவது ஊருக்காக. ஆகலின் கட்டணத்தில் ஊரும் பங்கேற்பதே முறை. பட்டியலில் உள்ள தனியார் கட்டடத்திற்குச் சொத்துவரியில் ஒரு பகுதியைத் தள்ளி, அத்தொகையைக் காப்பீட்டுக் கட்டணமாகச் செலுத்தச் செய்யலாம். பல கட்டடங்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்து ஒரே முறி எடுத்தால் கட்டணம் குறையும். நூற்றுக்கணக்கான கட்டடங்கள் ஒரே நாளில் எரிவதில்லையே! பொதுக்காப்பீட்டு வணிகம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுடைமையாக்கப்பட்டபோது எழுந்த நான்கு நிறுவனங்களுள் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையிடம் சென்னையே. மரபுக் கட்டடத்திற்கென ஒரு தனிமுறியைத் தமிழில் வகுத்துத் தருமாறு தமிழ்நாட்டரசு அந்நிறுவனத்தை அழைத்துக் கேட்க யார் தடை?

காப்பீட்டின் எல்லையையும் தமிழர் மறந்துவிடலாகாது. 1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பெற்றது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. காக்க வேண்டிய காவற்படையினரே வன்கும்பலோடு நின்ற இரவு அது. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது; வெண்ணிறச் சுவரும் குவிமாடமும் இன்று நிற்கின்றன. எரிந்த ஏடு எழவில்லை. எத்துணைப் பெருந்தொகைக்குக் காப்பீடு செய்திருப்பினும் எழுந்திராது. பணம் சுவரை மீட்கும். படி எடுக்காத ஏட்டை மீட்காது. ஆகவே ஏட்டிற்குப் படியே காப்பீடு. ஒரு படியை வேறோர் ஊரில் வைப்பதே முறி.

கட்டடத்திற்கும் இது பொருந்தும். பழைய அளவு தெரியாமல் பழைய கட்டடத்தை எழுப்ப இயலாது. ஒவ்வொரு மரபுக் கட்டடத்திற்கும் நீள அகல உயரம் குறித்த அளவுவரைபடமும், தூண்தோறும் கதவுதோறும் எடுத்த நிழற்படமும் வேண்டும். அவை அக்கட்டடத்திற்கு வெளியே இருத்தல் வேண்டும். இவ்வரைபடமே மறுகட்டுமான மதிப்பைக் கணக்கிட அடிப்படை. இழப்பீடு கேட்கும் நாளில் சான்று. எழுப்பும் நாளில் வழிகாட்டி. அருகிலுள்ள பொறியியற் கல்லூரி மாணவரையும் தமிழாசிரியரையும் ஊர் இளைஞரையும் கூட்டினால் ஒரு கட்டடத்தை அளந்து எழுதச் சில நாள் போதும். அரசுக்காகக் காத்திராமல் தமிழன்பர்கள் தத்தம் ஊரில் இன்றே தொடங்கத்தக்க பணி இது.

அளவு இருந்தும், பணம் இருந்தும், கை இல்லாவிடில் என் செய்வது? சுண்ணம் அரைக்கத் தெரிந்த கொத்தனும், துலாம் பொருத்தத் தெரிந்த தச்சனும், கல் செதுக்கத் தெரிந்த கற்றச்சனும் அற்றுப்போனால் இழப்பீட்டுத் தொகை வெறுங்காசாகக் கிடக்கும். ஆகவே அக்கைவினைஞர்க்கு ஆண்டு முழுதும் வேலை கொடுத்தலும், அவர்தம் மக்களுக்கு அத்தொழிலைப் பயிற்றுதலும் காப்பீட்டின் மறுபாதி என்க.

செய்யத்தக்கவை தெளிவாக உள்ளன. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டடத்திற்கும் பழைய பொருளால் எழுப்பும் செலவை மரபு ஆணையம் கணக்கிட்டு உடையவர்க்கு எழுத்தால் தரவேண்டும். காப்பீடு செய்யாத அரசுக் கட்டடங்களுக்கும் கோயில்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, தீக்கன்றி வேறெதற்கும் தொடாத வைப்பாக வளர்க்கவேண்டும். தனியார்க்கு வரிச்சலுகையும் தொகுப்புமுறியும் தரவேண்டும். முறியும் அதன் விளக்கமும் தமிழில் இருக்கவேண்டும். எரிந்த கட்டடத்தின் நிலம் வேறு பயனுக்கு மாற்றப்படலாகாது என்று சட்டமும் சொல்லவேண்டும். இவ்வொன்று இல்லையேல், நிலத்தின்மேல் கண் வைத்தவனுக்குத் தீயே நண்பனாகிவிடும்.

வருமுன் காவாதவன் வாழ்வு கெடுவதற்கு வள்ளுவர் காட்டிய உவமை தீமுன் கிடக்கும் வைக்கோற்போர். அவ்வுவமையைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர். அதைக் கற்பிக்கும் பள்ளிகளுள் பல நூறாண்டு கடந்த கட்டடங்கள். அவற்றின் மரக்கூரைக்கு அடியில் பழுதான மின்கம்பி ஓடுகிறது. அலமாரியில் காப்பீட்டுத் தாள் இல்லை. வரும் மார்ச்சுத் திங்களுக்குள் தத்தம் ஊர்ப் பள்ளி, நூலகம், சத்திரம், கோயில் ஆகியவற்றின் பொறுப்பாளரிடம் சென்று, 'இக்கட்டடம் எரிந்தால் எழுப்பப் பணம் எங்கே உள்ளது?' என்று ஒவ்வொரு தமிழன்பரும் கேட்கட்டும். எழுத்தால் கேட்டு எழுத்தால் விடை பெறட்டும். விடை வராத ஊர்களே முதலில் விழிக்கவேண்டிய ஊர்கள்.